சினிமாவில் தன் கதையையே நடித்த பெண்
அரோரா மார்டிகானியனின் கண்ணீர் வரலாறு

சினிமாவில் அழுவதற்கு நடிகைகள் கண்ணில் கிளிசரின் போட்டுக்கொள்வது உண்டு. அரோரா மார்டிகானியன் என்ற பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. அவள் நடித்தது ஒரே ஒரு படம். அந்தப் படத்தின் கதை, அவளுடைய சொந்தக் கதை!

படத்தில் கொல்லப்படுகிறவர்கள் அவளுடைய தாய், தந்தை, உடன் பிறந்தவர்கள். ஏலம் போடப்படுகிற பெண் அவளேதான். சில ஆண்டுகளுக்கு முன் உண்மையில் அனுபவித்த துன்பத்தை, காமிராவுக்கு முன்னால் அவள் மறுபடியும் அனுபவித்தாள். அப்போது அவளுக்கு வயது பதினெட்டு கூட நிரம்பவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து அமெரிக்க மக்கள் கண்ணீர் விட்டார்கள். பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். அனாதைக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால், அந்தப் பெண்?

அவளுடைய கதை இது.

விடியல் என்று பெயர்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உள்ள மலைநாடு ஆர்மீனியா. மிகப் பழைய காலத்திலேயே கிறிஸ்தவ மதத்தை ஏற்றுக்கொண்ட மக்கள் ஆர்மீனியர்கள். வாணிபத்தில் கெட்டிக்காரர்கள். சென்னையில் உள்ள ஆர்மீனியன் தெருவுக்குப் பெயர் வந்தது, அங்கே வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்களால்தான்.

ஆர்மீனியர்களில் பெரும் பகுதியினர் அந்தக் காலத்தில் துருக்கி சுல்தானின் சாம்ராஜ்யத்தில் குடிமக்களாக வாழ்ந்தார்கள். அந்த சாம்ராஜ்யத்தின் கிழக்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவே செமிஷ்கெசெக் என்று ஓர் ஊர். அங்கே 1901-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு அர்ஷாலுய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆர்மீனிய மொழியில் அதற்கு விடியல் என்று பொருள். குடும்பப் பெயர் மார்டிகியான்.

வசதியான குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். அர்ஷாலுய்ஸ் செல்லமாக வளர்ந்தாள். படித்தாள். பதினான்கு வயது வரை அவளுக்குக் கவலை என்றால் என்ன என்று தெரியாது.

இடி விழுந்தது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. துருக்கி, ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் ரஷ்யா இருந்தது. எல்லையில் வாழ்ந்த ஆர்மீனியர்கள் ரஷ்யாவுக்கு உதவி செய்வார்கள் என்று துருக்கியை ஆண்டவர்கள் குற்றம் சாட்டினார்கள். அதையே காரணம் காட்டி, அந்த இனத்தையே வேரோடு பிடுங்கி எறிய முடிவு செய்தார்கள்.

1915-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி தலைநகரில் கைது தொடங்கியது. ஆர்மீனியத் தலைவர்கள், எழுத்தாளர்கள், பாதிரியார்கள், டாக்டர்கள் இரவோடு இரவாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பிறகு ஊர் ஊராக உத்தரவு போயிற்று. முதலில் ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் ஆகியோரை வீட்டை விட்டு வெளியேற்றி, சிரியா நாட்டுப் பாலைவனத்தை நோக்கி நடக்கச் சொன்னார்கள்.

நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விழுந்து இறந்தார்கள். சோறும் தண்ணீரும் கிடைக்காமல் இறந்தவர்கள் பலர். வழியில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் பலர். இறந்தவர்களின் தொகை 10 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது சரித்திர ஆசிரியர்கள் பலருடைய கணக்கு. 15 லட்சம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்தச் சாவு ஊர்வலத்தில் பதினான்கு வயது அர்ஷாலுய்ஸும் நடந்தாள். தந்தையை இழந்தாள். தாயும் உடன் பிறந்தவர்களும் அவள் கண் எதிரிலேயே மாண்டார்கள். அவளைக் கொல்லவில்லை. காரணம், அவள் இளம் பெண். அழகான பெண். விலைக்குப் போகக்கூடிய சரக்கு!

சந்தையில் ஆடு மாடு விற்பது போல் பெண்களை விற்றார்கள். அர்ஷாலுய்ஸும் விற்கப்பட்டாள். வாங்கியவன் வீட்டு அந்தப்புரத்தில் அடைக்கப்பட்டாள். தப்பி ஓடினாள். மறுபடியும் பிடிபட்டாள். மறுபடியும் தப்பினாள்.

மலைகளின் வழியே

கடைசியில் அவள் டெர்சிம் மலைப் பகுதிக்குள் ஓடி மறைந்தாள். காட்டுக் கிழங்கையும் இலையையும் தின்று உயிர் வாழ்ந்தாள். அங்கே வாழ்ந்த குர்து மக்களில் இரக்கம் உள்ளவர்கள் அவளுக்கு உணவு கொடுத்தார்கள். கொன்றவர்கள் இருந்த அதே நாட்டில் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள்.

எர்சுரும் என்ற நகரத்தை 1916-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ரஷ்யப் படை பிடித்துவிட்டது. அங்கே போய்விட்டால் உயிர் தப்பலாம். அர்ஷாலுய்ஸ் கால் தேய நடந்து எர்சுரும் போய்ச் சேர்ந்தாள். உடம்பில் கந்தல். கையில் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பாதிரிமார்கள் அவளுக்குச் சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அங்கிருந்து டிப்லிஸ் நகரம். பிறகு ரஷ்யாவின் தலைநகரமாக இருந்த பெட்ரோகிராட். அங்கே அப்போது புரட்சி நடந்துகொண்டு இருந்தது. அதிலிருந்தும் தப்பி, நார்வே நாட்டுக்குப் போய், கப்பல் ஏறினாள். 1917-ம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினாள்.

வயது பதினாறு. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

பத்திரிகையில் விளம்பரம்

நியூயார்க்கில் ஓர் ஆர்மீனியக் குடும்பம் அவளுக்கு இடம் கொடுத்தது. அமெரிக்காவில் அவளுடைய சொந்தக்காரர் யாராவது இருந்தால் கண்டுபிடிக்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்தைப் பார்த்துப் பத்திரிகை நிருபர்கள் ஓடி வந்தார்கள்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிவாரண இயக்கம் நடந்துகொண்டு இருந்தது. துருக்கியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கன்தாவ் 1915-ல் கொலைகளைப் பற்றி வாஷிங்டனுக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார். அதைக் கேட்டு மனம் பதறிய அமெரிக்கர்கள் ஒரு நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அண்மைக் கிழக்கு நிவாரணச் சங்கம் என்று பிற்காலத்தில் அது பெயர் பெற்றது. ஆர்மீனிய அனாதைகளுக்கு அந்தச் சங்கம் பணம் திரட்டியது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும் குழந்தைகளிடம், பட்டினி கிடக்கும் ஆர்மீனியக் குழந்தைகளை நினைத்துக்கொள் என்று அமெரிக்கத் தாய்மார்கள் சொல்வது அந்தக் காலத்து வழக்கம்.

பட்டினியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அது தூரத்துச் செய்திதான். இதோ, அந்தக் கொடுமையை நேரில் அனுபவித்த பெண்ணே வந்து நிற்கிறாள்! அவளைக் கொண்டு உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்று எண்ணினார்கள்.

எச்.எல்.கேட்ஸ் என்ற எழுத்தாளரும் அவருடைய மனைவியும் அவளுக்குச் சட்டப்படி பாதுகாவலர்கள் ஆனார்கள். பெயரையும் மாற்றினார்கள். அர்ஷாலுய்ஸ், அரோரா ஆனாள். அதற்கும் விடியல் என்றுதான் பொருள். மார்டிகியான் என்பது மார்டிகானியன் ஆயிற்று.

அவள் ஆர்மீனிய மொழியில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்த்து, கேட்ஸ் எழுதினார். பத்திரிகைகளில் தொடர்கதை போல் வந்தது. 1918-ல் புத்தகமாக வெளிவந்து அமோகமாக விற்பனை ஆயிற்று.

படம் எடுக்கிறார்கள்!

புத்தகத்தைப் படித்த பட அதிபர்கள் சும்மா இருப்பார்களா? வில்லியம் செலிக் என்பவர் ஹாலிவுட்டின் ஆரம்ப காலப் பட முதலாளிகளில் ஒருவர். கதையைப் படமாக்க அவர் முன்வந்தார். ஆஸ்கார் ஆப்ஃபெல் டைரக்டர். கதாநாயகி யார்? அரோராவையே நடிக்க வைத்தால் என்ன? அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லையே!

ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உன்னைப் படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள். போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சம்பளம் வாரத்துக்கு 15 டாலர். அது குறைந்த கூலி என்று எடுத்துச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். கடற்கரை மணலைப் பாலைவனமாகவும், பனி மூடிய மலையை அரராத் மலையாகவும் காட்டிப் படம் எடுத்தார்கள். கூட்டத்தில் நடிக்க, தெற்கு கலிபோர்னியாவில் குடியேறி இருந்த ஆர்மீனியர்களையே வரவழைத்தார்கள்.

முதல் நாள், உடை மாற்றும் அறையிலிருந்து அரோரா வெளியே வந்தாள். எதிரே துருக்கியரின் சிவப்புக் குல்லாய் அணிந்த ஆட்கள் நின்றார்கள்! அவளுக்கு உடல் நடுங்கியது. என்னை ஏமாற்றித் திரும்பவும் துருக்கியர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதறிவிட்டாள். அவர்கள் வேடம் போட்ட அமெரிக்க நடிகர்கள் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஒரு காட்சியில் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு அவள் தாவவேண்டும். தாவும்போது கீழே விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அதற்காகப் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. கட்டுப் போட்ட காலோடு மற்றக் காட்சிகளை எடுத்தார்கள். அந்தக் கட்டும் கொடுமையின் ஒரு பகுதி என்று படம் பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பெண்களைச் சிலுவையில் அறையும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. பார்த்தவர்கள் அலறினார்கள். நடந்தது அதைவிடக் கொடுமையானது என்றும், சினிமாவுக்காக அதைக் குறைத்துக் காட்டினார்கள் என்றும் அரோரா முதுமைக் காலத்தில் தெரிவித்தார்.

பத்து டாலர் டிக்கெட்

1919-ம் ஆண்டு படம் திரையிடப்பட்டது. ஊமைப்படக் காலம் அது. ஆத்மாக்களின் ஏலம் என்பது படத்துக்கு வைத்த பெயர்களில் ஒன்று. நியூயார்க்கில் பிப்ரவரி மாதம் பெரிய ஓட்டல் ஒன்றில் சீமாட்டிகள் முன் நின்று விழாவாக நடத்தினார்கள். டிக்கெட் விலை 10 டாலர். சாதாரணச் சினிமாவுக்குச் சில்லறைக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய காலத்தில் இந்த விலை!

அந்த ஆண்டு நிவாரணச் சங்கம் 3 கோடி டாலர் திரட்டத் திட்டம் போட்டு இருந்தது. அந்த வேலைக்கு இந்தப் படம் பெரிய ஆயுதமாக உதவியது. லண்டனிலும் படம் காட்டப்பட்டது. அங்கே சில காட்சிகளை வெட்டிவிட்டே காட்ட அனுமதித்தார்கள்.

பத்திரிகைகள் அரோராவை ஆர்மீனியாவின் ஜோன் ஆப் ஆர்க் என்று புகழ்ந்தன. ஆனால், சினிமா விளம்பரங்கள் வேறு விதமாக இருந்தன. அழகி அரோரா 85 சென்டுக்கு விற்கப்பட்டாள் என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஒரு பெண்ணின் மானம் போன கதை, கூட்டம் சேர்க்கும் தந்திரமாக ஆகிவிட்டது.

ஏழு போலி அரோராக்கள்

படம் ஓடிய ஊர்களுக்கு எல்லாம் அரோரா நேரில் போகவேண்டும் என்று ஏற்பாடு. விருந்துகளில் கலந்துகொள்ளவேண்டும். மேடையில் நிற்கவேண்டும். பேசவேண்டும். மறக்க நினைப்பதை எல்லாம் ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

எத்தனை நாள் தாங்கும் அந்த இளம் உள்ளம்? 1920-ல் அவள் மேற்கொண்டு முடியாமல் மயங்கி விழுந்தாள். உடம்பும் மனமும் ஒடிந்து போயின.

அவளுக்கு ஓய்வு கிடைத்தது. படத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அரோராவைப் போல் தோற்றம் உள்ள ஏழு பெண்களைப் பிடித்து, அவர்களை அரோரா என்று சொல்லி ஊர் ஊராக அனுப்பிவைத்தார்கள்! மேடையில் நின்ற பெண் உண்மையானவளா, போலியா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை.

அரோரா மெல்ல மெல்ல ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். தன் பேரில் வந்த பணம் எங்கே என்று கேட்கும் தைரியமும் வந்தது. பாதுகாவலர்கள் மீது வழக்குப் போட்டாள். அவளுக்குச் சேரவேண்டியது 7,000 டாலர். கைக்கு வந்தது 195 டாலர்!

அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

பிழைத்த குழந்தைகள்

தன் வாழ்க்கையை விற்று மற்றவர்கள் பணம் பண்ணினார்கள் என்றாலும், அவள் பட்ட பாடு வீண் போகவில்லை.

நிவாரணச் சங்கம் 1915-க்கும் 1930-க்கும் இடையே 11 கோடியே 60 லட்சம் டாலர் திரட்டியது. அந்தப் பணத்தில் முகாம்கள், ஆஸ்பத்திரிகள், அனாதை இல்லங்கள் நடந்தன. 1 லட்சத்து 32 ஆயிரம் அனாதைக் குழந்தைகளை அந்தச் சங்கம் காப்பாற்றி வளர்த்தது. சோறு போட்டது. எழுத்து சொல்லிக் கொடுத்தது. தையல், தச்சு போன்ற கைத்தொழில்களைப் பழக்கியது.

அந்தப் பணம் அத்தனையும் அரோராவால் வந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக் குழந்தைகள் உண்டியலில் போட்ட காசும் அதில் இருந்தது. ஆனால், ஆர்மீனியா எங்கே இருக்கிறது என்றே தெரியாத லட்சக்கணக்கான மக்களுக்கு, அந்த நாட்டின் முகமாக இருந்தவள் அவள்தான்.

பூட்டிய கதவு

1929-ம் ஆண்டு அரோராவுக்குத் திருமணம் நடந்தது. கணவர், ஆர்மீனியாவிலிருந்து வந்து குடியேறியவர். ஒரு மகன் பிறந்தான். அரோரா குடும்பப் பெண்ணாக வாழத் தொடங்கினார். புகழும் விளம்பரமும் மறைந்தன. அவர் பெயரை மக்கள் மறந்தார்கள்.

அவரால்தான் எதையும் மறக்க முடியவில்லை. முதுமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தனியாக வாழ்ந்தார். கதவைப் பூட்டியே வைத்திருப்பார். தன்னைத் தேடிக் கொலைகாரர்கள் வருவார்கள் என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை. கொடுமை நடந்து எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பயம்!

அவர் உயிரோடு இருப்பதே பலருக்குத் தெரியாது. 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தார்கள். அந்தோணி ஸ்லைடு என்ற சினிமாச் சரித்திர ஆசிரியரும் அவரைச் சந்தித்தார். படம் எடுத்தபோது நடந்த பல விவரங்கள், அந்தச் சந்திப்பினால்தான் உலகத்துக்குத் தெரிந்தன. அதை அவர் 1997-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தை அரோரா பார்க்கவில்லை. 1994-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ந் தேதி, 93-வது வயதில் அவர் காலமானார். உடல் எரிக்கப்பட்டது. சாம்பலை வாங்கிச் செல்ல யாரும் வரவில்லை. கேட்பாரற்ற மற்றவர்களின் சாம்பலோடு சேர்த்து ஒரே குழியில் புதைத்துவிட்டார்கள். பெயர் பொறித்த கல் கூட இல்லை.

ஆயிரக்கணக்கான அனாதைகளுக்காகப் பேசியவர், கடைசியில் அனாதையாகப் போனார்.

மிஞ்சிய சுருள்

அவர் நடித்த படமும் அவரைப் போலவே மறக்கப்பட்டது. பிரதிகள் எல்லாம் அழிந்துவிட்டன என்றே எண்ணினார்கள். ஆர்மீனியாவில் அதன் ஒரு பகுதி மட்டும் கிடைத்தது. ஏறத்தாழ 20 நிமிடம் ஓடக்கூடிய சுருள். மற்றது போனது போனதுதான்.

ஆனால், விடியல் என்ற பெயர் மறையவில்லை. 2015-ம் ஆண்டு, கொடுமை நடந்து நூறு ஆண்டு ஆனபோது, ஆபத்தில் இருக்கும் மக்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு என்று ஒரு சர்வதேசப் பரிசு ஏற்படுத்தப்பட்டது. அரோரா பரிசு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 10 லட்சம் டாலர் பரிசு! 85 சென்டுக்கு விற்கப்பட்டாள் என்று விளம்பரம் செய்யப்பட்ட பெண்ணின் பெயரில்!

2022-ல் அவருடைய வாழ்க்கை மறுபடியும் படமாயிற்று. ஆர்மீனியாவில் எடுத்த அந்தப் படத்தில், சித்திரங்கள் அசைந்து கதை சொல்கின்றன. இடையிடையே பழைய ஊமைப்படச் சுருளின் காட்சிகளும், முதுமையில் அரோரா கொடுத்த பேட்டியும் வருகின்றன. இந்தத் தடவை அவருடைய வாய்மொழியே கதையை நடத்திச் செல்கிறது.

1915-ல் நடந்தது இனப் படுகொலை என்பதைத் துருக்கி அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவோ, 2019-ல் பார்லிமெண்டிலும், 2021-ல் ஜனாதிபதி பைடனின் அறிக்கையிலும் அது இனப் படுகொலையே என்று அறிவித்தது.

ஆங்கிலம் தெரியாத பதினாறு வயதுப் பெண், கப்பலை விட்டு இறங்கி அமெரிக்காவுக்குச் சொல்ல வந்த செய்தி அதுதான். அந்த நாட்டு அரசு அதைச் சொல்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.